ஆப்பிரிக்க மூலிகைச் சாறுகள்: வாயில் போடுவதற்கு முன் படிப்படியாகப் பார்க்க வேண்டியவை

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு பெரியவர் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "தம்பி, பொண்ணு ஜெர்மனியிலேர்ந்து அனுப்பியிருக்கா. மூட்டுவலிக்கு நல்லதாம். ஆப்பிரிக்கா மூலிகையாம். சாப்பிடலாமா?" டப்பாமேல் கொக்கி கொக்கியாக ஒரு காயின் படம். டெவில்ஸ் க்ளா.

"வேற என்னென்ன மாத்திரை எடுத்துக்கிறீங்க ஐயா?" என்று கேட்டேன். இதய வால்வு மாற்றிய பிறகு தினமும் இரவில் வார்ஃபரின் போடுவதாகச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை அது. "இத இப்பத் திறக்காதீங்க. உங்க இதய டாக்டர்கிட்ட டப்பாவோட போய்க் காட்டுங்க" என்றேன். அவர் முகம் வாடியது. மகள் ஆசையாக அனுப்பியதாயிற்றே.

அன்று அவரிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்க மூலிகைகள் இப்போது மாத்திரையாக, கேப்ஸ்யூலாக, சொட்டு மருந்தாக நம் வீடுகளுக்கு வருகின்றன. அவற்றில் நல்ல மருந்துகள் இருக்கின்றன, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு செடி மருந்தாவது அதன் பெயரால் நடப்பதில்லை. எந்தப் பாகம், எதில் ஊறியது, எவ்வளவு, யார் சாப்பிடுகிறார் என்ற நான்கும் கூடி வந்தால்தான் அது மருந்து. நோயாளியை எதிரில் உட்காரவைத்துப் பார்த்த ஆப்பிரிக்க வைத்தியர் இந்த நான்கையும் மனதில் வைத்துத்தான் கொடுத்தார். டப்பா கடல் தாண்டி வரும்போது அந்த வைத்தியர் கூட வருவதில்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இனி நாம்தான் கேட்க வேண்டும்.

படி 1: செடி எது என்று உறுதி செய்யுங்கள்

ஊர்ப்பெயரை நம்பாதீர்கள், தாவரவியல் பெயரைத் தேடுங்கள். டெவில்ஸ் க்ளா என்றால் ஹார்பகோபைட்டம் ப்ரோகும்பென்ஸ். கலஹாரி மணலில், நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் தரையோடு படர்வது. எள்ளுச்செடியின் குடும்பம். நம் ஊர்த் தரிசுகளில் முளைக்கும் காக்காமூக்குச் செடியையும் ஆங்கிலத்தில் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். அதன் காயிலும் வளைந்த கொக்கி உண்டு. ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறொரு செடி. பெயரை மட்டும் பார்த்து அதைப் பறித்துக் காய்ச்சினால் மூட்டுவலிக்கு எதுவும் கிடைக்காது.

பெயர் ஆளையே கொல்லும் என்பதற்கு தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் பகுதியில் ஒரு சோகமான உதாரணம் இருக்கிறது. அங்கே இம்பிலா என்று ஒரு கிழங்கு. ஜூலு மொழியில் ஆரோக்கியம் என்ற சொல்லோடு ஒட்டிய பெயர். தாவரவியல் பெயர் காலிலெபிஸ் லாரியோலா. அதில் அட்ராக்டிலோசைடு என்ற நஞ்சு இருக்கிறது. செல்லுக்குள் உண்டாகும் ஆற்றல் வெளியே வரும் வாசலையே அது அடைத்துவிடும். ரத்தத்தில் சர்க்கரை சரியும், கல்லீரலும் சிறுநீரகமும் கெடும். இந்தக் கிழங்கின் கஷாயத்தால் குழந்தைகள் இறந்ததை அந்தப் பகுதி மருத்துவர்கள் பல்லாண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

தாவரவியல் பெயர் அச்சிடாத டப்பாவை நான் வாங்கமாட்டேன். உங்களையும் வாங்கச் சொல்லமாட்டேன்.

படி 2: எந்தப் பாகம்?

டெவில்ஸ் க்ளாவில் டப்பாமேல் படமாகப் போடுவது காய். மருந்து இருப்பதோ மண்ணுக்கடியில். நடுவே ஒரு தாய்வேர் ஆழமாக இறங்கும். அதிலிருந்து பக்கவாட்டில் கிளைவேர்கள் ஓடி, ஆங்காங்கே கிழங்காகப் பருக்கும். கலஹாரியில் சான் மக்களும் நாமா மக்களும் தாய்வேரைத் தொடாமல் பக்கத்தில் குழி பறித்து, சில கிழங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணைத் திரும்ப மூடுவார்கள். கிழங்கை வட்ட வட்டமாகச் சீவி வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்த துண்டு எங்கள் கடைக்கு ஒருமுறை மாதிரிக்கு வந்தது. வெளியே பழுப்பு, உள்ளே சாம்பல் வெளுப்பு, வெட்டுவாயில் வளையம் வளையமாகக் கோடுகள். நாக்கில் வைத்தால் கசப்பு பத்து நிமிடத்துக்குப் போகவில்லை. ஹார்பகோசைடு என்ற வலிதணிக்கும் பொருள் தாய்வேரைவிட இந்தக் கிளைக்கிழங்கில்தான் அதிகம். செடியைக் காப்பாற்றும் வழக்கமும் மருந்தின் தரமும் இங்கே ஒன்றாகவே அமைந்துவிட்டன.

பாகம் மாறினால் என்னவாகும் என்பதை நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செடியை வைத்தே பார்க்கலாம். பிரமதண்டு. மெக்சிகோவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய முள்செடி, நம் ரோட்டோரங்களிலும் மஞ்சள் பூவோடு நிற்பது. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு வைத்தியர்கள் இதன் இலையும் தண்டும் சேர்ந்த கஷாயத்தை மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்தார்கள். மாலியின் ஆய்வாளர்களும் சுவிஸ், பிரிட்டிஷ் மருத்துவர்களும் சேர்ந்து சிக்கலில்லாத மலேரியா வந்தவர்களிடம் அதை நவீன மாத்திரையோடு ஒப்பிட்டு, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு மேல்சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் அதே செடியின் விதை? கடுகு எண்ணெயில் கலப்படமாகி 1998-ல் டெல்லியில் மக்களை வீங்கவைத்துக் கொன்றது அந்த விதையின் எண்ணெய்தான். ஒரே செடி, ஒரு கை தூரம்கூட இல்லாத இரண்டு பாகங்கள்.

படி 3: எதில் ஊறியது, எப்படிக் காய்ச்சியது?

விஷயம் தெரிந்தவர்கள்கூடத் தவறவிடும் படி இதுதான். அதனால் சற்று நேரம் எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

செடிக்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கின்றன. தண்ணீர் சிலவற்றை இழுக்கும், சாராயம் வேறு சிலவற்றை இழுக்கும், எண்ணெயும் கொழுப்பும் இன்னும் சிலவற்றை இழுக்கும். நைஜீரியாவில் யொருபா மக்கள் அக்போ என்ற மூலிகைக் கஷாயத்தைத் தண்ணீரிலும் போடுவார்கள், உள்ளூர்ச் சாராயத்திலும் ஊறவைப்பார்கள். இரண்டும் ஒரே பட்டையிலிருந்து வந்தாலும் குடிப்பவருக்கு ஒரே மருந்தாக இருக்க வேண்டியதில்லை.

ஆப்பிரிக்கச் செர்ரி என்ற ப்ரூனஸ் ஆப்பிரிக்கானாவை எடுத்துக்கொள்வோம். கேமரூன், கென்யா, மடகாஸ்கர் மலைக்காடுகளில் வளரும் மரம். வயதான ஆண்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி, இரவில் நாலைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டிவரும் தொல்லைக்கு இதன் பட்டை. 1966-ல் பிரான்சில் காப்புரிமை பெற்று மருந்தாக வந்தது, கொழுப்பில் கரையும் பொருள்களை மட்டும் பிரித்தெடுத்த சாறு. பீட்டா சிட்டோஸ்டெரால், ஃபெருலிக் அமில எஸ்டர்கள் போன்றவை அதில் இருக்கின்றன. இவை தண்ணீரில் சரியாகக் கரையாதவை. ஆகவே பட்டைத்தூளை வாங்கி வீட்டில் கொதிக்கவைப்பவர் குடிப்பது வேறொரு பானம். சாற்றை வைத்து நடந்த ஆய்வுகளின் பலன் தனக்கும் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்க முடியாது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்த கதை. காங்கோவில் பிரசவ வலி மந்தமாக இருந்தால் கர்ப்பிணிக்கு கலாட்டா-கலாட்டா என்ற கஷாயம் கொடுப்பார்கள். ஓல்டன்லாண்டியா அஃபினிஸ் என்ற சிறு செடி. அங்கே பணியாற்றிய லோரென்ட்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர் இதைக் கண்டு, 1970-களில் அதிலிருந்து கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஒரு பெப்டைடைப் பிரித்தார். பெப்டைடு என்பது புரதத்தின் சிறு துண்டு. முட்டையை வேகவைத்தால் கெட்டியாவதுபோல, கொதித்தால் புரதம் தன் உருக்குலையும். இது மட்டும் எப்படிக் கொதிக்கும் கஷாயத்தில் தாங்கியது? 1995-ல் விடை வந்தது. 29 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலிக்கு முனையே இல்லை. தலையும் வாலும் சேர்ந்து வளையமாகி, குறுக்கே மூன்று கந்தகப் பிணைப்புகளால் முடிச்சுப் போட்டிருக்கிறது. அவிழ்க்க நுனி கிடைக்காத முடிச்சு. அந்தக் கஷாயத்தைக் காய்ச்சிக் கொடுத்தவர்கள் வேதியியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் இந்தச் செடியைக் கொதிக்கவைத்தும் பலன் குறையாது என்று கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள்.

டப்பாவில் பார்க்க வேண்டியது: கரைப்பான் தண்ணீரா, எத்தனை சதவீத எத்தனாலா என்பது. கூடவே ஒரு விகிதமும் இருக்கும். 5:1 என்று போட்டிருந்தால் 5 கிலோ காய்ந்த கிழங்கிலிருந்து 1 கிலோ சாற்றுத்தூள் என்று பொருள். திரவ மருந்தில் இது தலைகீழாக 1:8 என்பதுபோல வரும். ஒரு பங்கு வேருக்கு எட்டுப் பங்கு சாறு. விகிதம் பெரிதாக இருப்பதாலேயே மருந்து வீரியமானது என்று எண்ண வேண்டாம்.

படி 4: கணக்குப் போடுங்கள்

ஒரு தாளும் பேனாவும் போதும். ஐரோப்பிய மருந்து நூலின் விதிப்படி டெவில்ஸ் க்ளா கிழங்கில் குறைந்தது 1.2 சதவீதம் ஹார்பகோசைடு இருக்க வேண்டும். இடுப்புவலிக்கு நடந்த முக்கியமான ஆய்வுகளில் கொடுத்தது ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் ஹார்பகோசைடு, சிலவற்றில் 100.

டப்பாவில் "சாறு 500 மி.கி., ஹார்பகோசைடு 2 சதவீதம்" என்றிருந்தால் ஒரு கேப்ஸ்யூலில் 10 மில்லிகிராம்தான். 50 வர வேண்டுமென்றால் ஐந்து கேப்ஸ்யூல். "தினம் ஒன்று" என்று எழுதிய டப்பாவை மாதக்கணக்காகச் சாப்பிட்டு "ஒண்ணும் கேக்கலை தம்பி" என்று சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆய்வில் கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அவர்கள் எடுத்திருக்கிறார்கள். அதற்காக நீங்களாக ஐந்தாகக் கூட்டிவிடாதீர்கள். படி 6-ஐப் படித்த பிறகு மருத்துவரிடம் பேசுங்கள். சதவீதமே போடாத டப்பா என்றால் கணக்குப் போடவே வழியில்லை. கடையிலேயே விட்டுவிடுங்கள்.

அளவுக்கும் நஞ்சுக்கும் உள்ள உறவுக்கு கலபார் விதையைவிட நல்ல பாடம் கிடையாது. தென்கிழக்கு நைஜீரியாவின் எஃபிக் மக்கள், குற்றம் சாட்டப்பட்டவரை இந்த விதையை விழுங்கவைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். செத்தால் குற்றவாளி, வாந்தி எடுத்துப் பிழைத்தால் நிரபராதி. 1863-ல் எடின்பரோவில் கண் மருத்துவர் ஆர்கைல் ராபர்ட்சன் இதன் சாறு கண்மணியைச் சுருக்குவதைக் காட்டினார். மறு ஆண்டே அதிலிருந்து ஃபைசோஸ்டிக்மின் பிரித்தெடுக்கப்பட்டது. க்ளக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கு வந்த முதல் மருந்துகளில் ஒன்று அது. நம் ஊரில் ஊமத்தங்காய் தின்று பிதற்றுகிறவருக்குள் வேலை செய்யும் நஞ்சை முறிப்பதும் இதே ஃபைசோஸ்டிக்மின்தான். மருத்துவமனையில், மில்லிகிராம் கணக்கில்.

படி 5: வாயால் போனதா, ஊசியால் போனதா, யாரிடம் சோதித்தார்கள்?

நித்தியகல்யாணி நம் வீட்டு வாசலில் பூப்பது. அதன் பூர்வீகம் மடகாஸ்கர். சர்க்கரை நோய்க்கு இதன் இலைக் கஷாயம் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. 1952-ல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு அந்த இலைகள் தபாலில் போயின. அங்கே ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் அதன் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை பெரிதாக இறங்கவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் தொற்றுநோய் கண்டு செத்தன. காரணம், ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளை அணுக்கள் பெருகிக் கெடுக்கும் ரத்தப் புற்றுக்கு இது உதவுமே என்று அவர்கள் தொடர்ந்தார்கள். 1958-ல் அவரும் சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டின் என்ற புற்று மருந்தைப் பிரித்தார்கள். பின்னால் வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நூல்களைக் கட்டவிடாமல் இது தடுக்கிறது. இந்த மருந்துக்காகவே தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணி பயிராகிறது.

இதைக் கேட்டவுடன் இலையைப் பறித்துக் கஷாயம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். கப்பில் குடிப்பதில் புற்றை ஆற்றும் மருந்து வராது. வருவது மற்ற அல்கலாய்டுகளும் அவற்றின் உபத்திரவமும்.

ஆகவே ஒரு சாறு "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்றால் மூன்றைக் கேளுங்கள். கண்ணாடிக் குழாயிலா, எலியிலா, மனிதரிலா? அதே சாறா? அதே நோயா?

மூன்றாவது கேள்விக்கு பெலர்கோனியம் சிடாய்டிஸ் என்ற தென்னாப்பிரிக்கச் செடி சாட்சி. சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் காசநோயோடு 1897-ல் தென்னாப்பிரிக்கா போனார். இன்று லெசோதோ என்றழைக்கப்படும் பசுட்டோலாந்தின் வைத்தியர் ஒருவர் கொடுத்த வேர்க்கஷாயத்தில் குணமானதாக நம்பினார். ஊர் திரும்பி அதையே காசநோய் மருந்தாக விற்றார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-ல் அவரை ஏமாற்றுக்காரர் என்றது. வழக்குப் போட்டுத் தோற்றார். இன்று அதே வேரின் எத்தனால் கலந்த சாறு ஜெர்மனியில் சளியோடு கூடிய மார்பு இருமலுக்கு விற்பனையாகிறது. இருமல் சற்றுச் சீக்கிரம் தணியலாம் என்பதற்கு மனிதரிடம் நடந்த ஆய்வுகள் உண்டு. ஆய்வுகளை ஒருசேர எடைபோட்ட கோக்ரேன் அறிக்கை, சான்றின் தரம் தாழ்வு என்கிறது. காசநோயை இது ஆற்றும் என்பதற்குச் சான்று இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள், இந்தச் சொட்டு மருந்தோடு வீட்டில் உட்கார்ந்திராதீர்கள்.

படி 6: யார் சாப்பிடக் கூடாது?

டெவில்ஸ் க்ளா: வயிற்றுப் புண், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வார்ஃபரின் எடுப்பவர்கள் விலக வேண்டும். பெலர்கோனியம்: கல்லீரல் நோய் உள்ளவர்கள். தென்னாப்பிரிக்காவின் அலோ ஃபெராக்ஸ் கற்றாழையின் கசப்புப் பால் கடும் பேதி மருந்து. முகத்தில் பூசும் சோற்றுக்கற்றாழை ஜெல்லோடு இதைக் குழப்ப வேண்டாம், கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது. கபோன் நாட்டின் இபோகா, பிவிட்டி சமயச் சடங்கில் மூத்தோர் கண்காணிப்பில் உண்ணும் வேர்ப்பட்டை. இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைத்து உயிரை எடுத்திருக்கிறது. போதைப் பழக்கத்தை விடவைக்கும் என்று இணையத்தில் விற்பவரிடம் யாரும் வாங்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிக்கும் ஒன்று. 2000-களின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தலைவிரித்தாடியபோது, சுகாதார அமைச்சரே பூண்டு, பீட்ரூட், எலுமிச்சையோடு ஆப்பிரிக்க உருளை என்ற ஹைபாக்சிஸ் கிழங்கையும் முன்னிறுத்திப் பேசினார். பெயர்தான் உருளை, அது வேறு கிழங்கு. அதே காலத்தில் உயிர்காக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் மக்களுக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. கிழங்கின்மேல் எனக்குக் கோபமில்லை. உறுதியான மருந்து இருக்கும்போது அதன் இடத்தில் கிழங்கை வைத்ததுதான் தாங்க முடியாதது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால், மயக்க மருந்து கொடுப்பவரிடம் மூலிகை மாத்திரைகளையும் சொல்லுங்கள். "அது மூலிகைதானே" என்று மறைக்காதீர்கள்.

படி 7: எங்கிருந்து, யாருடைய அறிவு?

ஆப்பிரிக்கச் செர்ரியின் பட்டையை முழுக்க உரித்தால் மரம் நின்றபடியே காயும். எதிரெதிர்ப் பக்கங்களில் பாதியளவு மட்டும் உரித்து, மறுபடி வளரக் காத்திருக்க வேண்டும். ஏற்றுமதி வெறியில் பல மலைகளில் அந்த முறை காற்றில் போனது. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த மரம் 1995 முதல் இருக்கிறது. அனுமதியில்லாமல் நாடுவிட்டு நாடு கொண்டுபோக முடியாது. பெலர்கோனியம் சாற்றுக்கு ஐரோப்பாவில் வழங்கிய ஒரு காப்புரிமையைத் தென்னாப்பிரிக்காவின் ஆலிஸ் ஊர் மக்களும் எதிர்த்து நின்றார்கள். 2010-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அதை ரத்து செய்தது. வாங்கும்போது எந்த நாட்டில் அறுவடையானது என்று டப்பாவில் தேடுங்கள்.

வீட்டில் செய்ய ஒன்று: கர்க்கடே

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகு நிம்மதியாகக் குடிக்க ஒன்றாவது சொல்ல வேண்டும். சூடானிலும் எகிப்திலும் கர்க்கடே, செனகலில் பிஸாப், நைஜீரியாவில் சோபோ. ஹைபிஸ்கஸ் சப்டரிஃபா, நம் புளிச்சக்கீரைக் குடும்பம். பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றிச் சதைப்பற்றாகச் சிவக்கும் புல்லிவட்டம்தான் வேண்டியது. அதைக் காயவைத்து எடுங்கள். ஒரு கப், அதாவது 240 மில்லி கொதித்த நீரில் ஒன்றேகால் கிராம் போட்டு மூடி ஆறு நிமிடம் வையுங்கள். கொதிக்கவிட வேண்டாம், ஊறினால் போதும். முதலில் இளஞ்சிவப்பு ஓடும், மூன்றாம் நிமிடத்தில் மாதுளை நிறம் வந்துவிடும். வடிகட்டுங்கள். சர்க்கரை சேர்க்காதீர்கள். புளிப்பு தாங்காவிட்டால் ஆறவைத்து ஒரு ஏலக்காய் தட்டிப் போடலாம். பல் கூசுகிறவர்கள் குடித்ததும் வாய் கொப்பளியுங்கள்.

அமெரிக்காவில் 65 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், தினம் மூன்று கப் வீதம் ஆறு வாரம் குடித்தவர்களுக்கு மேல் ரத்த அழுத்தம் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. மருந்தில்லாத போலிப் பானம் குடித்தவர்களுக்கு ஒரு புள்ளிதான். பிரஷர் மாத்திரை எடுக்காத, எல்லைக்கோட்டிலோ லேசான உயர் அழுத்தத்திலோ இருந்தவர்கள் அவர்கள். நீங்கள் ஏற்கனவே பிரஷர் மாத்திரை போடுகிறவராக இருந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஒரு கப்பில் தொடங்குங்கள். காலையில் உட்கார்ந்தபடி அழுத்தம் பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். எழும்போது தலைசுற்றினால் அன்றே விட்டுவிட்டு, அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். கர்ப்பிணிகள் இதையும் தவிர்க்கட்டும்.